சலுகை அனுப்புகிறவர்களுக்கும் சொல்லவேண்டும்

உன் போன் இன்று மத்தியானமும் சத்தம் போட்டது. அதைச் சார்ஜ் இறங்கவிடாமல் உன் அம்மா சாமி அறை வாசலில் வைத்திருக்கிறா. குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தவ, ஈரக் கையோடு ஓடிவந்து எடுத்து என்னிடம் நீட்டினா.

"ஆரெண்டு பார் பிள்ளை."

வேறு யார், அதே ஆட்கள்தான். நாங்கள் தைத்து அனுப்பும் சட்டைகளுக்கு வெளிநாட்டுப் பெண்கள் காசு போடுவதற்காக நீ இணையத்தில் காசு மாற்றும் ஒரு சேவையில் கணக்குத் திறந்தாயே, அவர்கள். உன் பெயரைச் சொல்லி, அன்பாகக் கூப்பிட்டு, உனக்கென்றே ஒரு சலுகை வைத்திருக்கிறார்களாம். நீ மாரிமழைக் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் இத்தனை மாதமாகிறது. உனக்கு இன்னும் சலுகை வருகிறது.

நீ இருந்தபோது போனில் வரும் இந்தக் கடிதங்கள் எங்களுக்குப் பொழுதுபோக்கு. மானிப்பாய்த் தையல்கடையில் நீ மிஷினை மிதித்தபடி வாசிப்பாய், நான் பொத்தான் தைத்தபடி கேட்பேன். "எடி, இதைக் கேள். குளிர்ச்சட்டை வாங்கினா எனக்கு விலை குறைப்பினமாம். இந்த வெயிலுக்கை நான் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பஸ்சிலை போறதை ஒருக்கா நினைச்சுப் பார்." நிற்பாட்டிவிடேன் என்று நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது. "கிடக்கட்டும். வேறை ஆர் எனக்கு நாளாந்தம் கடிதம் போடினம்?" என்பாய். அதற்கு நான் சிரிப்பேன்.

விளையாட்டுக்கு வாசித்தாயே தவிர, எதையும் நீ கண்மூடித்தனமாகத் தொட்டதில்லை. ஒருமுறை என் போனுக்கும் அப்படியொன்று வந்தது. அதே நிறம், அதே படம். 'இந்தக் கடிதங்கள் வேண்டாமென்றால் இங்கே அமத்தவும்' என்று கீழே இருந்தது. நான் விரலை வைக்கப் போக, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இழுத்து என் கையில் ஒன்று போட்டாய்.

"விசரி, பேரைப் பாக்காதை. பேருக்குக் கீழை எங்கையிருந்து வந்ததெண்டு முழு முகவரியையும் பார். இது கள்ளன். நீ அமத்தினா, இஞ்சை ஒரு ஆள் உயிரோடை இருக்கெண்டு நீயே அவனுக்குச் சொல்லிவிடுறாய். குப்பைக்குள்ளை தள்ளிப்போட்டு விடு."

அப்ப மெய்யான ஆட்களின் கடிதத்தை எப்படி நிற்பாட்டுவது என்று கேட்டேன். "நீயாப் போய் அவையின்ரை வாசல் படலையாலை உள்ளுக்கை போ. கணக்குக்குள்ளை நிப்பாட்ட இடம் வைச்சிருப்பினம். அவன் காட்டுற வேலி ஓட்டைக்குள்ளாலை ஏன் பூருறாய்?"

கையில் அந்த அடி இரண்டு நிமிடம் காந்தியது. நாடா இப்போது என் கழுத்தில் கிடக்கிறது.

அம்மாவுக்கு முதலில் சத்தந்தான் கரைச்சல் என்று நினைத்தேன். சத்தத்தை நிற்பாட்டுவது பெரிய வேலையா என்று போனை வாங்கினேன். அவ விடவில்லை. அவவின் வருத்தம் வேறு.

"உவைக்கு ஒருதரும் சொல்லேல்லையே பிள்ளை? மயிலிட்டியிலை இருக்கிற தூரத்துச் சொந்தத்துக்கும் ஆள் விட்டுச் சொன்னனாங்கள். பேசாமல் இருந்த ஆக்களுக்கும் சொன்னனாங்கள். நாளாந்தம் பேர் சொல்லிக் கூப்பிடுற ஆக்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழையல்லோ? தெரிஞ்சிருந்தா இப்பிடிச் சலுகை, சலுகை எண்டு எழுதுவினமே?"

அது மிஷின் அனுப்புகிறது அன்ரி, அங்கே ஆளே இல்லை என்று சொன்னேன். "ஆளில்லாமல் எப்பிடி அவளின்ரை பேர் தெரியும்?" என்று கேட்டா.

சரி என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். நீ சொன்னபடிதான் செய்தேனடி. கள்ளக் கடிதங்களைத் திறக்காமலே குப்பைக்குள் தள்ளினேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவன்களுக்குச் சொல்ல நான் யார்? பிறகு மெய்யான ஆட்களின் முகவரியை நானே எழுதி, படலையால் போனேன். அது கடவுச்சொல் கேட்டது. மறந்துவிட்டதென்றால், நீ முதன்முதல் வளர்த்த பிராணியின் பெயர் கேட்டது. அம்மா யோசித்து நாயின் பெயர் சொன்னா, பிறகு ஆட்டின் பெயர் சொன்னா, கடைசியில் அழத் தொடங்கினா. இரண்டுமில்லை என்று படலை பூட்டிக்கொண்டது. எந்தப் பூனையின் பெயரைக் கொடுத்து வைத்தாயோ.

கடைசியில் மெய்யான கடிதம் ஒன்றை எடுத்து, முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பார்த்து, அதன் கீழே இருந்த 'நிற்பாட்டு' என்பதை அமத்தினேன். ஏன் நிற்பாட்டுகிறீர்கள் என்று ஒரு பக்கம் திறந்தது. கடிதம் கூடிப்போச்சு, எனக்குப் பிரயோசனமில்லை, நான் கேட்கவேயில்லை என்று காரணங்கள். உன் காரணம் அதில் இல்லை. 'வேறு' என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

"எழுத இடமிருக்கோ? அப்ப முறையா எழுது," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தா. றேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பதுபோலச் சொல்லத் தொடங்கினா. மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் கனிஷ்ட புத்திரியும், இன்னாரின் பாசமிகு சகோதரியும். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னா. நான் எழுத எழுத, உன் அண்ணையின் பெயர் பாதியில் நிற்க, பெட்டி நிரம்பிவிட்டது. மேலே ஓர் எழுத்தும் ஏறவில்லை. அவ இன்னும் சொல்லிக்கொண்டிருந்தா. நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'அவள் இறந்துவிட்டாள்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதை எழுதியது இதுதான் முதல் தடவை.

விருப்பம் பதியப்பட்டது, நடைமுறைக்கு வரச் சில நாட்களாகும் என்று இங்கிலீசில் வந்தது.

"என்ன சொல்லினம்?"

"கவலைப்படினம் அன்ரி."

அவ போனை வாங்கி முந்தானையால் துடைத்தா. பிறகு, "தூரத்து ஆக்கள். வரேலாதுதானே," என்று சொல்லி அரிசியைப் பார்க்க எழும்பினா. அவர்கள் செத்தவீட்டுக்கு வராததை அந்த நிமிடமே மன்னித்துவிட்டா. அதோடு முடிந்தது என்று நானும் எழும்பினேன்.

முடியவில்லை. சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடியும் 'டிங்'. அம்மா முன்னையைவிட வேகமாக ஓடினா. "அவையோ பிள்ளை? விபரம் கேட்டு எழுதியிருக்கினமோ?"

கையைக் கழுவிக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். பெயரைப் பார்க்கவில்லை, கீழே முகவரியைப் பார்த்தேன். அவர்கள்தான். கணக்கு வைத்திருப்போருக்கான விதிகள் மாறுகின்றனவாம். இந்தக் கடிதம் சலுகையில் சேராது, கணக்கு இருக்கும்வரை இதை நிற்பாட்ட முடியாதாம். கணக்கை மூட நீ வரவேண்டும்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் என்ன செய்ய, சொல்லு.

"ஓம் அன்ரி, அவைதான். உங்கடை மகள் நேர்மையான பிள்ளை, ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை எண்டு எழுதியிருக்கினம்."

கள்ளன் எழுதுவதுபோல நானும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நீ இருந்திருந்தால் நாடா முறியும்வரை அடித்திருப்பாய். ஆனால் அம்மாவின் முகத்தை நீ பார்க்கவேண்டும். செத்தவீட்டுக்குப் பிறகு அந்த முகம் மலர்ந்ததை இன்றுதான் கண்டேன்.

"பதில் போடு பிள்ளை. நன்றி எண்டு எழுது. உடனை எழுதோணும், அதுதான் மரியாதை."

அந்த முகவரிக்குப் பதில் போகாது என்று கடிதத்தின் அடியிலேயே இருக்கிறது. 'நன்றி' என்று எழுதி அமத்தினேன். அம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

நான் போனைக் கீழே வைக்கவுமில்லை, அதற்குள் அது சத்தம் போட்டது. நான் அனுப்பிய 'நன்றி' போய்ச் சேராமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"பாத்தியே," என்றா அம்மா. "உடனை பதில் போட்டிட்டினம்."