இரண்டு வீட்டுக்கு ஒரே சாவு

மில்ஃபோர்க், ஒஹாயோ
3 செப்டம்பர் 1867

மதிப்புக்குரிய கேப்டன் விட்லாக் அவர்களுக்கு,

ஹெப்சிபா ட்ரெல் எழுதுவது. போன வாரம் ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டு ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் படையில் இருந்து செத்த தம்பி ஆசாவைப் பற்றி உருகினீர்கள். அம்மா இன்னும் உங்களை வாழ்த்திக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மெத்தை விரிப்பு தைக்க ஊர்ப் பெண்கள் கூடியிருந்தோம். மிஸஸ் கெட்சம், தன் மகன் லெவி போரில் இறந்தபோது நீங்கள் எழுதிய கடிதத்தை பைபிளுக்குள்ளிருந்து எடுத்து வாசித்தார். ‘குண்டு இதயத்தில் பாய்ந்தது. வலியே இல்லை. அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிக் கண்மூடினான்.’ ஆசாவுக்காக எங்களுக்கு எழுதியதும் இதேதான். ஓர் எழுத்து மாறவில்லை. “என்னடி இது, ரெண்டு பேருக்கும் ஒரே சாவா?” என்று அந்த அம்மாள் வாயைப் பிளந்தார்.

இதயத்தில் குண்டு பாய்ந்தவன் எப்படிப் பேசுவான், வக்கீல் ஐயா? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்களுடையது நாலு வருடம் தாங்கியிருக்கிறது. என் தம்பி எப்படிச் செத்தான்?

ஹெப்சிபா ட்ரெல்

9 செப்டம்பர்

அன்புள்ள மிஸ் ட்ரெல்,

அந்த வாரம் பதினோரு கடிதம் எழுதினேன், சொற்கள் ஒத்துப்போயிருக்கலாம். ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? சட்டமன்றத் தேர்தல் முடியட்டும், நேரில் வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் நலம் நாடும்
ஆம்ப்ரோஸ் விட்லாக்

16 செப்டம்பர்

கேப்டன் அவர்களுக்கு,

உங்கள் படையில் இருந்த ரூஃபஸை மாவு மில்லில் போய்க் கேட்டேன். “கேப்டனையே கேளுங்கக்கா. என் வாயக் கிளறாதீங்க” என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஆசா பயந்து ஓடினானா? உங்கள் ஆட்களே சுட்டார்களா? எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரர் இரண்டு கடிதங்களையும் கேட்கிறார். சனிக்கிழமை வரை பொறுப்பேன்.

ஹெப்சிபா

19 செப்டம்பர்

ஹெப்சிபா,

லெவியைக் குண்டு துளைத்தது நிஜம். ‘அம்மா’ என்றது நான் சேர்த்தது. ஆசா மேல் குண்டே படவில்லை.

அவனுக்குக் காய்ச்சல். காவல் நிற்க முடியவில்லை என்றான். மறுநாள் சண்டை நடக்கவிருந்தது. அவன் வந்து சொன்ன அன்று காலையிலேயே நாலு பேர் வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லிப் படுத்திருந்தார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே பழகிய புத்தி எனக்கு. “நடிக்காதடா ட்ரெல். உன்ன மாதிரி எத்தன பேரப் பார்த்திருக்கேன்” என்றேன். கொட்டும் மழையில் பகல் முழுவதும் நின்றான். நாலாம் நாள் ஒரு வைக்கோல் கொட்டகையில் உயிர் போயிற்று. கடைசிவரை, “நான் நடிக்கல கேப்டன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதை உங்கள் அம்மாவுக்கு எழுதக் கை வரவில்லை. லெவிக்காக எழுதிய கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். பத்திரிகைக்குக் கொடுப்பதென்றால் கொடுங்கள்.

ஆம்ப்ரோஸ் விட்லாக்

24 செப்டம்பர்

கேப்டன்,

மூன்று நாள் பல்வலியை மறைத்துக்கொண்டு அறுவடைக்குப் போனவன் என் தம்பி. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். உங்களை என்னால் மன்னிக்க முடியாது. அவன் ஓடியிருப்பானோ என்று நானும் சந்தேகப்பட்டேனே, அதற்காக என்னையும்தான்.

பத்திரிகைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களுக்காக அல்ல. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் பத்திரிகையில் வந்தால் வாசித்துக் காட்ட ஊரே ஓடிவரும். நீங்கள் ஜெயிப்பீர்கள். ஜெயியுங்கள். எங்கள் வாசலை மட்டும் மிதிக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்ததும், “கேப்டன் என்னடி எழுதியிருக்கார்?” என்று அம்மா கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். நீங்கள் எழுதாததையெல்லாம் வாசித்தேன். கேட்டுவிட்டு, “தங்கமான மனுஷன்” என்றாள்.

ஹெப்சிபா