மழைக்கு முன் துணி எடுத்தவள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மாமா எழுதுகிறேன். நானும் உன் அக்கா மகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் இரண்டு வாரமாகப் போன் அடிக்கிறேன். நீ எடுப்பதாக இல்லை. அதனால் கடிதத்தில் இறங்கிவிட்டேன். போனை அணைத்து வைக்கலாம், கடிதத்தை அணைக்க முடியாது. பிரிக்காமல் போட்டாலும் மேஜை மேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

உன் படத்தைப் பார்த்துவிட்டோம். சனிக்கிழமை பகல் காட்சி. அரங்கில் பாதிக்கு மேல் காலி. அதை மறைத்தால் மற்றதையும் நீ நம்பமாட்டாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். படத்தைப் பற்றி ஊரெல்லாம் எழுதியதையும் படித்தேன். ஒருவன் ஆமை வேகம் என்கிறான், இன்னொருவன் பேயைத் தேடி அலுத்துப்போனேன் என்கிறான். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் சரி, நிறையத் தப்பு. எது எது என்று எழுதத்தான் இன்று கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி விற்கிறவன் விமர்சனம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ படம் எடுத்த நம் வீட்டைப் பொறுத்தவரை அது பெரிய வெற்றி. கூரியர் பையன் கேட்டுக்கு உள்ளே கால் வைப்பதில்லை. வெளியே நின்று போன் போட்டு, "சார், நீங்களே வந்து வாங்கிக்கங்களேன்" என்று கெஞ்சுகிறான். எதிர்வீட்டு அம்மா நேற்று கடைக்கே வந்து, லென்ஸ் மாற்றுகிற சாக்கில், "உங்க வீட்ல நிஜமாவே ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலில் நல்லது. முதல் ஒரு மணி நேரம் நீ ஒன்றுமே காட்டவில்லை. வாடகைக்கு வந்த பெண், வேலைக்குப் போகிற புருஷன், பகல் முழுக்க அவள் தனியாக இருக்கிற வீடு. எனக்கு முன்வரிசையில் ஒரு பையன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் பால் அடுப்பில் இருப்பதை மறந்து தூங்கிப்போகிறாள். விழித்து ஓடி வந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, பால் பொங்கவில்லை. அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். அப்புறம் அந்தத் துணிக்கொடி. அவள் கடைக்குப் போயிருக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்துகொண்டே திரும்பி வந்து மாடிக்கு ஓடுகிறாள். கொடி வெறுமையாக இருக்கிறது. கீழே வந்து பார்த்தால் துணியெல்லாம் மடித்துக் கட்டில்மேல். எனக்குப் பின்னால் ஒரு பெண், "ஐயோ, துணிய யாரு எடுத்தா?" என்று ரகசியமாகக் கேட்டாள். பையன் போனைப் பையில் போட்டுவிட்டான்.

எல்லாருக்கும் முதுகு சில்லிட்டபோது நான் மட்டும் கட்டில்மேல் இருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக் கையை உள்ளே மடக்கி, மேலே காலர் தெரிகிற மாதிரி ஒரு மடிப்பு. அது யாருடைய மடிப்பு என்று எனக்குத் தெரியாதா? அப்படி மடித்து வைத்தவன் நீ. அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் உன் அக்கா.

சத்தங்களை நீ வைத்திருக்கிற அளவும் அருமை. குழாய் சொட்டுகிறது, ஜன்னல் கொக்கி ஆடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெண் படம் முழுக்க ஒரு தடவைகூட வீல் என்று கத்துவதில்லை. பயந்தவர்கள் நிஜத்தில் கத்துவதில்லை, வாயை மூடிக்கொண்டு இன்னொரு வேலையை இழுத்துப்போட்டுச் செய்வார்கள். உன் அக்கா போன பிறகு ஒரு வருஷம் நான் செய்தது அதுதான். கடையில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தால் நேரே படுக்கையறை. சமையலறைப் பக்கம் தலை திரும்பாது, பொட்டலச் சாப்பாடு. என் வீட்டுக்கு நானே பயந்தேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் நீ வந்து, "மாமா, வீட்ட ஒரு மாசம் குடுங்க" என்றாய். என் பெண் சண்டைக்கு வந்தாள். "அம்மா இருந்த வீட்ல பேய்ப் படமா?" என்றாள். நான் சரி என்றதற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. வீட்டில் நாலு பேர் சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது. உன் ஆட்கள் கூடமெல்லாம் ஒயரை இழுத்துப் போட்டார்கள், எந்நேரமும் காப்பி போட்டார்கள். ஒருநாள் சர்க்கரையைக் கொட்டி எறும்பு மொய்க்க விட்டிருந்ததற்கு உள்ளே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் போய் வந்தது சமையலறைக்குள் என்பதே உறைத்தது. அன்றைக்கே உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். இன்று நானே சமைத்துச் சாப்பிடுகிறேன். உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இனி குறைகள். கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் புருஷன் பாத்திரம் மரக்கட்டை. பெண்டாட்டி நடுங்குகிறாள், இவன் "எல்லாம் உன் பிரமை" என்று நாலு தடவை சொல்லிவிட்டு டை கட்டுகிறான். ஒரு தடவையாவது அவனும் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்திருக்கலாம். இடைவேளைக்குப் பிறகு ஒரு பேராசிரியர் வந்து ஆவிகளைப் பற்றி வகுப்பெடுக்கிறாரே, அவரை வெட்டினால் யாரும் தேடமாட்டார்கள். நீ அவ்வளவு நேரம் அமைதியாகக் கட்டியதை வாத்தியக்காரர்கள் கடைசியில் தூக்கிப்போட்டு உடைக்கிறார்கள். அதெல்லாம் தயாரிப்பாளர் கேட்டிருப்பார், விடு.

ஆனால் கடைசி இருபது நிமிஷத்தை என்னால் விட முடியவில்லை. பால் அடுப்பை அணைத்தவள், துணி மடித்தவள், திடீரென்று வெள்ளைக் கண்ணோடு கூரைக்கும் தரைக்கும் பாய்கிறாள். ஏன் என்று பார்த்தால் ஒரு முன்கதை. உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது தம்பி வருவான் வருவான் என்று வாசலையே பார்த்திருந்து, அவன் வராததால் ஆத்திரத்தோடு செத்தவள் என்கிறாய். எனக்கு அது ஒட்டவே இல்லை. கதை தடம் மாறிவிட்டது என்று மட்டும் நினைத்தேன். நான் மந்தம். பெண்தான் திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். "அப்பா, அம்மா தன்மேல கோவமா போயிட்டாங்கன்னு மாமா நெனச்சிட்டிருக்காரா?" என்றாள். மாமாவிடம் நடந்ததைச் சொல்லவில்லையா என்று அவளைக் கேட்டேன். "நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவள் சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அதனால் இப்போது சொல்கிறேன், நிதானமாகப் படி. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீ இதற்கு முந்தின உன் முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தாய்; அன்றே உனக்குப் போன் போடப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தியவள் உன் அக்கா. "அவன் வருஷக்கணக்கா அலைஞ்சு கெடச்ச மொத படம். இப்ப சொன்னா பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவான். முடிச்சிட்டு வரட்டும், நான் எங்க போகப்போறேன்?" என்றாள். டாக்டரும் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கவில்லை, மாப்பிள்ளை. ஆறிப்போன காப்பிக்காக என்னோடு சண்டை போட்டாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம், "என் தம்பி டைரக்டர். படம் வந்ததும் உங்க எல்லாருக்கும் டிக்கெட் என் பொறுப்பு" என்று பெருமை அடித்தாள். கடைசியாக அவள் உன்னைப் பற்றிச் சொன்னது அதுதான். அன்று சாயங்காலம் தூக்கத்திலேயே போய்விட்டாள். முகத்தில் கோபம் இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

சாவுக்கு நீ வந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சுவரோரம் நின்றதை எல்லாரும் ஒரு மாதிரி பேசினார்கள். அந்த அழுகையைத்தான் நீ இரண்டு மணி நேரப் படமாக எடுத்திருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. முதல் பாதியில் நீ எடுத்திருப்பதுதான் உன் அக்கா. செத்த பிறகும் யார் வீட்டுத் துணியோ நனையக்கூடாது என்று ஓடுகிறவள். கடைசி இருபது நிமிஷத்தில் வருகிறவளை எனக்குத் தெரியாது. அவள் உன் தூக்கம் போன ராத்திரிகளில் முளைத்தவள். அவளைப் போகச் சொல்லிவிடு.

திங்கட்கிழமை நான் மட்டும் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். முதல் பாதி முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். நீ காமிராவை வைத்த மூலையிலிருந்து என் வீட்டை நான் பார்த்ததே இல்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாகச் சமையல் மேடைமேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, போய்விடுகிறது. அதை ஆமை வேகம் என்றவன் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும். எனக்கு அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்றிருந்தது.

படம் ஓடவில்லை என்பதற்காக அறைக்குள் அடைந்து கிடக்காதே. வேளைக்குச் சாப்பிடு. தாடியை எடு. உனக்குத் தாடி பொருந்தாது என்று இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். பெண் உனக்காக முன்னறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். வேலை தேடவோ கதை சொல்லவோ வரவேண்டாம், சும்மா வா. நான் சமைப்பதைச் சாப்பிட இன்னொரு ஆள் வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் இருந்தபோது தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதைச் சொல்ல வேண்டியவன் நான். நன்றாக இரு, மாப்பிள்ளை.

என்றும் உன்,
மாமா