பட்டன் இல்லாத சட்டைகள்

ஜூன் 12

வழக்கம்போல மெர்வ் என் சட்டைப் பட்டன்களைப் போட்டுவிட்டான். அவன் விரல்கள் என்னுடையதைவிட இரண்டு மடங்கு தடிமன், ஆனால் மடங்குகின்றன. மூட்டுவாதம் வந்த பிறகு என்னுடையவை மடங்குவதில்லை. கடைசியில் ஒரு பட்டன் மிஞ்சிவிட்டது. "தைச்சவன் ஒண்ணு கூடக் குடுத்துட்டான்" என்றான்.

மதியம் கடல் தாண்டி பெர்த்திலிருந்து மகள் கிர்ஸ்டி போன் செய்தாள். செப்டம்பர் முதல் வாரம் பிரசவமாம். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"அப்பாவும் வந்தா சரிம்மா. நீ தனியா வந்தா உனக்கு யாரு உடுத்தி விடுறது? என்னால ரெண்டு பேரைப் பாத்துக்க முடியாது."

மெர்வ் எப்படி வருவான்? ஆகஸ்டும் செப்டம்பரும் ஆடுகள் குட்டி போடும் காலம். எங்கள் ஓமருவில் எந்த ஆட்டுக்காரனும் அப்போது பண்ணையை விட்டு நகர மாட்டான். அவளும் இதே பண்ணையில் வளர்ந்தவள்தானே.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் வலிக்கிறது.

ஜூன் 13

போகத்தான் போகிறேன். தனியாக. நானே உடுத்திக்கொண்டு.

ஜூன் 20

பக்கத்துப் பண்ணை ஹுயா வந்திருந்தாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டு, "பட்டன், ஜிப், கொக்கி எல்லாத்தையும் தூக்கிப் போடு ரேவின். பனியன் துணியில தை. தலையில மாட்டி கீழ இழுத்தா முடிஞ்சுது" என்றாள்.

கடையில் வாங்கினால் என்ன என்று மெர்வ் கேட்டான். கடைச் சட்டையைப் பிடித்து இழுக்கவும் விரல் வேண்டுமே. கீழ் விளிம்பில், உள்பக்கமாக, இரண்டு துணி வளையம் வைத்துத் தைத்தால் கட்டைவிரலை மாட்டி இழுத்துக்கொள்ளலாம். அதை எந்தக் கடைக்காரன் எனக்காகச் செய்வான்?

ஜூலை 9

வாழ்நாள் முழுக்கப் பருத்தித் துணியில் தைத்தவள் நான். திரைச்சீலை, கவுன், கிர்ஸ்டியின் பள்ளிச் சட்டை எல்லாம் தைத்திருக்கிறேன். இந்த மெரினோ கம்பளிப் பனியன் துணி என்னை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டது. ஊசியே வேறு, முனை மழுங்கினது. கூர் ஊசி போட்டால் இழை அறுந்து ஓட்டை ஓடுகிறது. கத்தரி பிடிக்க முடியாததால் வெட்டுவது மெர்வ், மிஷினில் ஓட்டுவது நான்.

இன்று விளிம்பு முழுதும் அலை அலையாகச் சுருங்கிவிட்டது. பழைய பழக்கத்தில் துணியைப் பிடித்து இழுத்துவிட்டேன். இதை இழுக்கவே கூடாது. கையை வைத்துக்கொண்டு அதன் போக்கில் போக விட வேண்டும்.

கிர்ஸ்டிக்குப் போன் செய்யவில்லை. நச்சரிக்கக் கூடாது.

ஜூலை 30

உள்ளாடை தைத்து முடித்துவிட்டேன். கொக்கி இல்லை. நானே போட்டுக்கொண்டேன். யாரிடம் போய்ப் பெருமை அடிப்பது? நாயிடம் சொன்னேன்.

ஆகஸ்டு 17

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பயணத்துக்கென்று வைத்திருந்த நல்ல நீலத் துணி. வெட்டும்போது மெர்வ் அளவுத் தாளைக் குறுக்காகத் திருப்பி வைத்தான். "இப்படிப் போட்டா அரை மீட்டர் மிச்சம் பாரு." நானும் சரி என்றேன், எனக்கும் அதே கஞ்சத்தனம். பனியன் துணி ஒரு பக்கமாகத்தான் நன்றாக இழுபடும். அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். எங்கள் சட்டையில் அது மேலும் கீழுமாக வந்துவிட்டது.

மாட்டினேன். இரண்டு கையும் மேலே, தலை பாதி உள்ளே, கழுத்து வழியாக ஒரு கண் மட்டும் வெளியே. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லை. அந்த ஒரு கண்ணோடு வேலியோரமாகவே நடந்து மேய்ச்சலுக்குப் போனேன். நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.

மெர்வ் ஒரு ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"இது எந்த ஜாதி ஆடு? நம்ம மந்தையில பாத்ததில்லையே."

"சிரிக்காதய்யா. வெட்டி எடு."

"இரு. இதுக்குக் குட்டி குறுக்க நிக்குது. இத முடிச்சுட்டு உங்கிட்ட வரேன்."

வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். குட்டி வந்தது. அவன் கையைக் கழுவிவிட்டு ரோமம் கத்தரிக்கும் கத்தரியோடு வந்தான். "அசையாத... அசையாத கண்ணு." பிரசவத்தில் தவிக்கும் ஆடுகளிடம் பேசும் குரல் அது. சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

"நான் போகல மெர்வ். அவ சொன்னது சரிதான். நான் போனா அவளுக்குச் சுமை."

அவன் வெட்டின துண்டை எடுத்து இப்படி இழுத்தான், அப்படி இழுத்தான்.

"துணியத் திருப்பி வச்சது நான். இதுல உன் கை என்ன தப்புப் பண்ணுச்சு?"

ஆகஸ்டு 19

மெர்வ் துணி வாங்க டனிடின் நகரத்துக்குப் போய் வந்தான். குட்டி போடும் காலத்தில். ஹுயாவை மந்தைக்குக் காவல் வைத்துவிட்டு. இந்தப் பண்ணைக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை.

வாங்கி வந்தது கடுகு மஞ்சள். கண்ணைப் பறிக்கிறது. கடைப்பெண்ணைக் கேட்டு, எந்தப் பக்கம் இழுபடும் என்று துணி முழுக்கச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வந்திருக்கிறான். திட்ட மனம் வரவில்லை.

ஆகஸ்டு 28

அந்த மஞ்சள் துணியில் தைத்த சட்டையோடு காலையில் நானே உடுத்திக்கொண்டேன். மேலே, கீழே, உள்ளே, எல்லாம்.

மெர்வ் படுக்கையறை வாசலில் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றான். எனக்குக் கிடைத்தது அவனுக்குப் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப எனக்கு வேலையில்ல?"

"தலை வாரி விடேன்" என்றேன். அதை நானே செய்துகொள்ள முடியும்.

செப்டம்பர் 5, பெர்த்

தனியாகவே வந்து சேர்ந்துவிட்டேன். பேரன். அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். கேலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருவரும் நலம். அழுதேன்.

செப்டம்பர் 8

மெர்வ் போனில், "இன்னைக்கு என்ன கலர் போட்டிருக்கே?" என்று கேட்டான். சாம்பல் என்றேன். பட்டனே இல்லாத சட்டையில் இவனுக்கு என்ன அக்கறை, சொல்லுங்கள்.

செப்டம்பர் 10

மருமகன் வேலைக்குப் போய்விட்டான். கிர்ஸ்டி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இரவு உடை பாலில் நனைந்திருந்தது. பழைய சட்டை ஒன்றும் மார்பை மூடவில்லை, பேறுகாலச் சட்டை வயிற்றுத் தையல்மேல் உரசுகிறது. ஒரு கை வயிற்றைப் பிடித்தபடி, மற்றொரு கையால் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தாள்.

நான் போய் அந்த மஞ்சள் சட்டையை எடுத்து வந்தேன்.

"கையத் தூக்கு."

"அம்மா, அன்னைக்கு நான் போன்ல சொன்னது..."

"கையத் தூக்குடி."

தூக்கினாள். வளையங்களில் கட்டைவிரலை மாட்டி இழுத்தேன். எனக்கென்று தைத்தது, அவள் உடம்புக்கும் வளைந்து கொடுத்து, தையலைத் தொடாமல் இறங்கியது. கழுத்துக்குள்ளிருந்து முகம் வெளியே வந்ததும், கையைக் கீழே விடாமல் அப்படியே என் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஊருக்கு எப்பம்மா போகணும்?"

"வர்ற வாரம்."

"போகாதம்மா."