ஐலெர்ட்டின் குரல் உள்ள பெட்டியை நொறுக்காமல் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
கன்வோர் ஹெஸ்ட்னெஸ்,
ஃபுர்லி கூட்டுறவுக் குடியிருப்பு, இரண்டாம் மாடி,
ஸ்துர்வோகன், நார்வே.

பெறுநர்:
திருமதி சிக்னே ஓப்தால் அவர்கள்,
தலைவர், கழிவு மேலாண்மைப் பிரிவு,
ஸ்துர்வோகன் நகராட்சி.

பொருள்: மின்னணுக் கழிவுக் கூண்டில் தவறுதலாகச் சேர்ந்துவிட்ட கணினிச் சேமிப்புப் பெட்டியை, புதன்கிழமை லாரி வருவதற்குள் எடுத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இம்மனுவை முதலில் கோபத்தில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைப் பணிவாகவே எழுதுகிறேன், முடிந்தவரை.

1. என் கணவர் ஐலெர்ட், நம் கடற்கழியைக் கடக்கும் படகில் வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்தும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மோட்டார் இரைச்சலை மீறிக் கத்தியே பழகிய தொண்டை. சென்ற ஆண்டு அவருக்கு நரம்பு நோய் கண்டது. கை தளரும், பிறகு பேச்சு முழுவதுமாகப் போகும் என்று மருத்துவர்கள் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். குரல் இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துவைத்தால், பின்னாளில் ஒரு கருவி அவருடைய குரலிலேயே பேசும் என்று பேச்சுப் பயிற்சியாளர் கூறினார். அதைக் கேட்ட அன்றுதான் நான் மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

2. காலையில் எழுந்தபின் சிறிது நேரம் மட்டுமே அவர் குரல் தெளிவாக இருந்தது. அந்த நேரத்தை எங்கள் கணினி தின்றது. பொத்தானை அழுத்திவிட்டு, காபி வைத்து, ரொட்டியில் பாலாடைக்கட்டி சீவி வைத்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது எழுந்து உட்கார்வதற்குள் ஐலெர்ட்டின் குரல் கரகரத்துவிடும். அந்த இயந்திரத்தை ஜன்னல் வழியாக எறிய வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

3. கீழ்வீட்டு ஸ்தைனார் வந்து பார்த்தார். நாங்கள் என்றோ தூக்கிப்போட்ட அச்சு இயந்திரத்துக்கான மென்பொருள்கூடத் தினமும் காலையில் தானாக எழுந்து அந்த இயந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அதையும் அதன் கூட்டாளிகளையும் நிறுத்தினார். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் உள்ளே இருந்தது சுழலும் பழைய வகை டிஸ்க். அதுவும் கழுத்துவரை நிரம்பியிருந்தது. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, சுழலாத புது வகை டிஸ்க் போட்டுவிடலாம் என்றார். அதன்படி நான் கடைக்குப் போய், இரண்டு டிஸ்க் கொண்ட சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ஒன்று பழுதானால் மற்றதில் அப்படியே இருக்குமாம். இனி நிம்மதி என்று நினைத்துவிட்டேன். பதிவுகள் அனைத்தும் பெட்டிக்குப் போயின. பழைய டிஸ்க்கைத் தங்கள் அலுவலகத் துண்டறிக்கை சொல்லும்படியே ஸ்தைனார் துளையிட்டு ஒழித்தார். மறுநாள் ஐலெர்ட் தொண்டையைச் செருமுவதற்குள் கணினி தயாராகிவிட்டது. "என்ன இது, என்னவிட அவசரமா இருக்கு!" என்றார். வெகு நாள் கழித்து அன்று வயிறு குலுங்கச் சிரித்தோம். கணினி மறுபடி நிரம்பிவிடக் கூடாதென்று, குளிர்காலம் முழுவதும் பேசிப் பேசிப் பதிவுகளைப் பெட்டியில் மட்டுமே சேர்த்தார்.

4. அவர் பேசியவற்றைச் சற்று எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இந்த மனுவே அந்தப் பேச்சுக்காகத்தான். 'இன்று வானிலை இனிமையாக இருக்கிறது' என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, "இந்த ஊர்ல பொறந்தவன் எவன் வாயிலயாவது இது வந்திருக்கா? நான் சொல்ல மாட்டேன்" என்று ஒதுக்கினார். அதற்குப் பதிலாக, "ஏய் நீல வண்டி! இன்னும் முன்னால வா! பயப்படாத, கடல்ல விழ மாட்ட!" என்று சுவர் அதிரக் கத்தினார். "கன்வோர், உருளைக்கிழங்கு வேகவே இல்ல, கல்லு மாதிரி இருக்கு" என்பதை மூன்று விதமான கோபத்தில் பதிந்துவைத்திருக்கிறார். பேச்சு போன பிறகும் என்னைத் திட்டுவதற்கு வேண்டிய ஏற்பாட்டை முழுமையாகச் செய்துவிட்டார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. இந்த மாதம் ஸ்தைனார் என்னிடம், "ரெண்டு டிஸ்க்கும் ஒரே பொட்டிக்குள்ள இருந்தா அது ரெண்டு காப்பி இல்ல கன்வோர். பொட்டி போச்சுன்னா ரெண்டும் சேர்ந்து போச்சு. ஒண்ணு வேற வீட்ல இருக்கணும்" என்றார். சரி என்று, சனிக்கிழமை பெட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று இன்னொரு பிரதி எடுப்பதாகப் பேசிக்கொண்டோம். அன்றுதான் எங்கள் குடியிருப்பின் வசந்தகால டுக்னாட். தாங்களும் எத்தனையோ டுக்னாட்டில் துடைப்பம் பிடித்திருப்பீர்கள். எல்லோரும் இறங்கிக் கூட்டி, கழுவி, வேண்டாத சாமான்களை வண்டியேற்றி, முடிவில் வாஃபிள் சாப்பிடும் நாள். அன்று மாடிப்படி ஓரம் எது இருந்தாலும் யாரையும் கேட்காமல் தூக்கிவிடுவது எங்கள் வழக்கம். அந்த அறிவிப்பைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவது ஆண்டுதோறும் நான்தான்.

6. பெட்டியைக் கதவுக்கு வெளியே செருப்புப் பலகையில் வைத்துவிட்டு, வாஃபிள் சட்டியை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பலகையும் இல்லை, பெட்டியும் இல்லை. படியெல்லாம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. யார் தூக்கியது என்று நான் விசாரிக்கவில்லை. அன்று எல்லோரும்தான் தூக்கினார்கள். என் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் தூக்கினார்கள்.

7. மாவு ஒட்டிய கையோடு தங்கள் கழிவு நிலையத்துக்கு ஓடினேன். மின்னணுக் கழிவுக் கூண்டின் கம்பி இடுக்கில் எங்கள் பெட்டி கண்ணெதிரே தெரிந்தது. மூடியில் ஐலெர்ட் ஒட்டிய படகு நிறுவனத்தின் சிவப்பு வில்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பணியில் இருந்த காவலர் என்னிடம் கடுமை காட்டவில்லை. "கூண்டுக்குள்ள விழுந்தா நகராட்சி சொத்துங்கம்மா. அதுலயும் டிஸ்க்குன்னா யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது, நொறுக்கத்தான் அனுப்பணும். உங்க சொந்த விஷயம் அடுத்தவங்க கைக்குப் போயிடக் கூடாதுன்னுதானே இந்த விதியே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேலதிகாரிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கூண்டு ஓரமா நிக்கும். லாரி புதன்கிழமைதான்" என்றார். அந்த மனிதரைத் தாங்கள் எக்காரணம் கொண்டும் கண்டிக்கக் கூடாது என்று தனியே கேட்டுக்கொள்கிறேன்.

8. மறுபடி பேசிப் பதியலாமே என்று தங்களுக்குத் தோன்றக்கூடும். முடியாது, அம்மையீர். குளிர்காலம் முடிந்ததுமே நாக்கு தடித்துவிட்டது. இப்போது அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரிகிறது. சில நாள் எனக்கும் புரிவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. தங்கள் கூண்டில்தான் இருக்கிறது.

9. விதியை மீறும்படி நான் கேட்கவில்லை. அது யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டதோ அந்த ஆள் நாங்கள்தான் என்று தாங்கள் உறுதி செய்துகொண்டால் போதும். பெட்டியைத் தங்கள் ஊழியரே எடுக்கட்டும். நாங்கள் இருவரும் அலுவலகத்துக்கு வருகிறோம். தங்கள் கணினியில் பொருத்தி, ஏதாவது ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். யாரோ ஒரு நீல வண்டியை விரட்டும் சத்தம் கேட்டால், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பாருங்கள். வேறு சான்று தங்களுக்குத் தேவைப்படாது என்றே நம்புகிறேன்.

10. திருப்பித் தருவீர்கள் என்ற நம்பிக்கையில் ஸ்தைனார் இப்போதே இரண்டாவது டிஸ்க் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். ஐலெர்ட்டும் தெம்பாகத்தான் இருக்கிறார். என்னைவிட அவருக்குத் தங்கள் மேல் நம்பிக்கை அதிகம்.

11. கடைசியாக ஒரு விண்ணப்பம். பதிவுகளில் ஒன்றுக்கு என் பெயரை மட்டும் வைத்திருக்கிறார். என்னை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. கேட்டால், "இப்ப எதுக்கு? பேச முடியாமப் போன அன்னிக்குக் கேளு" என்றார். சோதித்துப் பார்க்கும்போது மற்ற எதை வேண்டுமானாலும் திறந்து கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் தங்கள் ஊழியர்கள் திறக்காமல் இருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன். நானே இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலிலேயே எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) கன்வோர் ஹெஸ்ட்னெஸ்

இடம்: ஸ்துர்வோகன்
நாள்: 28 ஏப்ரல் 2025, திங்கட்கிழமை