பதில் கூவிய கானாங்கோழி

அன்புள்ள ஹசிந்தா,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மலையை விட்டு இந்த எஸ்மெரால்தாஸ் கடற்கரைக்கு வந்து எட்டு மாதமாயிற்று. எனக்கு ஒரு குறையுமில்லை.

செவ்வாய்க்கிழமை பறவை பார்க்க வந்த இருவரைச் சதுப்புக்காட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர்களைப் படகில் உட்காரவைத்துவிட்டு, கானாங்கோழியை வரவழைக்க அதைப்போலவே கூவினேன். புதருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. அரைமணி நேரம் மாறி மாறிக் கூவியபடி, துடுப்பை ஊன்றிச் சேற்றில் நெருங்கினேன். படாரென்று துப்பாக்கி வெடித்தது. தொப்பி பறந்தது, காது நுனியும் கொஞ்சம் போயிற்று.

அந்தப் பக்கம் கூவியது வேட்டைக்காரன் துல்சியோ. அவனும் கோழியைத்தான் கூப்பிட்டிருக்கிறான். பாய்ந்து, துடுப்பாலேயே அவன் முன்பல்லை உடைத்தேன். ரத்தம் துப்பியபடி, "சத்தியமா கோழின்னு நெனச்சேன்யா!" என்றான்.

"நானுந்தான்டா நெனச்சேன், நாயே!" என்று இன்னொன்று போட்டேன்.

பயப்படாதே, தையல் போட்டாயிற்று. என் பழைய தொப்பியை அனுப்பு. படகு கிளம்புகிறது, முடிக்கிறேன்.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. இங்கே வந்தபின் என் குரலுக்கு அரைமணி நேரம் பதில் சொன்னவன் அவன் ஒருத்தன்தான்.

உன்
செவேரோ