அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்

8-9-65, புதன்
என் கையெழுத்து அழகாக இருப்பது பெரிய தொல்லை. யாருக்கு எது எழுத வேண்டுமானாலும் ரோஸ்மேரி டீச்சர்தான். இன்று எங்கள் கத்தோலிக்கக் கோயில் மிக்கேல் சாமியார் கூப்பிட்டனுப்பினார். போனால், அவர் வீட்டில் சி.எஸ்.ஐ. கோயில் ஐயரும் லுத்தரன் கோயில் யோபு ஐயரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! போன வருஷம் வரை எதிரே பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனவர்கள்.

பாகிஸ்தான் சண்டை நிற்க வேண்டுமென்று மூன்று சபையும் சேர்ந்து நோட்டீஸ் போடுகிறார்களாம். பத்தொன்பதாம் தேதி கூட்டுச் செபம். ஒருவர் கோயிலில் மற்றவர் நுழைய முடியாதே, அதனால் எங்கள் பள்ளிக்கூட மைதானம். எங்கள் 'சர்வேசுரனா' அவர்கள் 'தேவனா' என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் 'ஆண்டவர்' என்று எழுதச் சொன்னார்கள்.

9-9-65
தம்பி அந்தோணியிடமிருந்து கடிதம் இல்லை. லாகூர் பக்கம் கடும் சண்டை என்கிறது ரேடியோ. அவன் பட்டாளம் எங்கே நிற்கிறதென்று யாரைக் கேட்பேன்?

11-9-65, சனி
சாமியார் வீட்டில் மூன்று பேரும் இருக்க, நோட்டீஸைப் படி எடுத்துக்கொண்டிருந்தேன். யோபு ஐயர் ஒரு வரி சேர்த்திருந்தார். 'எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளையும் காத்தருளும்.'

பேனாவை வைத்துவிட்டேன். "அந்தப் பக்கத்துப் பிள்ளை சுட்டாத்தானே ஐயா என் தம்பி சாவான்? அவனையும் காப்பாத்துன்னு நானே எழுதணுமா?"

சாமியார், "இங்க சண்டைக்குப் பிள்ளைய அனுப்பினது நீ ஒருத்திதான். நீயே சொல்லும்மா" என்றார்.

"எடுத்துருங்க சாமி."

யோபு ஐயர் கோபப்படவில்லை. "அந்த வரி இல்லன்னா என் கையெழுத்தும் வேணாம்மா" என்று எழுந்து போய்விட்டார். போகட்டும். அம்மா கண்ணை மூடும்போது அந்தோணிக்கு நாலு வயது. வளர்த்தவள் நான். அவருக்கு என்ன தெரியும்?

19-9-65, ஞாயிறு
கூட்டுச் செபம் நடந்தது. நோட்டீஸில் இரண்டே கையெழுத்து. பரலோக மந்திரத்துக்கு நாங்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகும் சி.எஸ்.ஐ. ஆட்கள் எங்களிடம் இல்லாத 'ராஜ்யமும் வல்லமையும்' என்று போய்க்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூட ஆயா பேச்சாயி சிரித்துவிட்டாள்.

23-9-65
சண்டை நின்றுவிட்டது. கோயில் மணி அடித்தார்கள். சந்தோஷத்தில் பாடமே நடத்தவில்லை.

29-9-65
தந்தி. காணவில்லையாம்.

காணலன்னா என்ன அர்த்தம்? காணாமப் போறதுக்கு ஆடா, மாடா? ஆறடி ஆம்பளையக் காணலன்னு ஒரு தந்தி, அம்புட்டுத்தானா? தேடுனாங்களா? நல்லாத் தேடுனாங்களா?

10-10-65
ஒன்றுமில்லை.

31-10-65
ஒன்றுமில்லை. பூசைக்குப் போகவில்லை.

10-11-65, புதன்
இருக்கிறான்!

செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக ஒரு கார்டு. யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் அவனுடையது. தொடையில் குண்டு. பிடிபட்டு அவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நன்றாகக் கவனிக்கிறார்களாம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம்.

கார்டை நாலு தடவை படித்தேன். ரத்தம் யாருடையது? அந்த ஊர்க்காரன் எவனோ கையை நீட்டிக் கொடுத்ததுதானே. அவனைத்தானே நான் எடுத்துருங்க என்றேன். வெட்கமாக இருக்கிறது.

12-11-65
யோபு ஐயர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கார்டை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாசித்தார்.

"நான் அன்னைக்குப் பேசுனது தப்பு ஐயா. அந்த வரி..."

"அத ஞாயித்துக்கிழமை தவறாம சொல்லிக்கிட்டுத்தான்மா இருக்கேன். மொதல்ல அறுபது பேர் வந்தாங்க. அதக் கேட்டுட்டு வராம நின்னவுக போக, இப்ப இருபத்தஞ்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஒன்பது மணிக்கு ஆராதனை. வாரீகளா? தம்பி பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுவோம்."

13-11-65
அவர்கள் கோயிலுக்குப் போனால் பாவமா என்று சாமியாரிடம் கேட்டேன். "பூசை முடிஞ்சதும் செத்த நேரம் இரும்மா. நானும் வாரேன்" என்றார்.

14-11-65, ஞாயிறு
நல்ல மழை. சாமியாரும் நானும் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். அங்கியோடு அவரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

யோபு ஐயர் அந்த வரிக்கு வந்தார். "எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளையும்..." என்று சொல்லி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தோணி பெயரை எங்கே சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோட சேத்துச் சொல்லுங்க ஐயா" என்றேன்.