மிஞ்சிய பக்கங்கள்

பிரஸ்ஸல்ஸ்

அன்புள்ள பெனடிட்டா அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஐந்து நாட்டு ஆய்வாளர்கள் கடற்புல் வளர்க்க ஐரோப்பிய நிதி கேட்டார்களே, நான் திருத்திக்கொடுத்த அந்த விண்ணப்பத்தை நேற்று அனுப்பிவிட்டோம். பக்க வரம்பைத் தாண்டியவற்றை நடுவர்கள் படிக்கமாட்டார்கள். மிஞ்சியதோ, புல்லை நடப்போகும் மீனவர்களைப் பற்றிய பகுதி. அது இல்லாவிட்டால் நிதி கிடைக்காது. அதனால் முன்னால் இருந்த தற்புகழ்ச்சியை எல்லாம் அடித்தேன்.

"என் முப்பது வருஷப் பெருமைய ஒரே கோட்டுல கொன்னுட்டீங்களே!" என்றார் பேராசிரியர் ஒராசியோ.

"பெருமையா போய்ப் புல்லு நடும்? மீனவங்கள முதல் பக்கத்துல போடுங்க" என்றேன்.

"உத்தரவு, மதர் சுப்பீரியர்!" என்று கன்னியர் மடத் தலைவியிடம் சொல்வதுபோல் தலை குனிந்தார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கமும் வரம்புக்குள் அடங்கியது.

அத்திப்பழ ஜாம் அனுப்புங்கள். ஞாயிறுகளில் தனியாக ரொட்டி இறங்கவில்லை. தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். ஒன்று சொல்ல மறந்தேன்: குழுவினர் பட்டியலில், வெறுமனே திருத்திக்கொடுத்த என் பெயரையும் ஒராசியோ சேர்த்திருந்தார். அதை நான் அடிக்கவில்லை.

உங்கள் தங்கை,
லியோனோர்